மூட்டு மாற்றிய பிறகு "சரி தம்பி" என்று தலையாட்டும் அம்மா

கேள்வி: அம்மாவுக்கு வயது 67. மூன்று வாரத்துக்கு முன் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. தையல் பிரித்தாகிவிட்டது. பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருகிறார். அவர் எதைச் சொன்னாலும் "சரி தம்பி" என்கிறார் அம்மா. அவர் கிளம்பியதும் முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்துவிடுகிறார். கேட்டால் "மடக்கினா பிரிஞ்சிடும்" என்கிறார். திட்டியும் பார்த்துவிட்டேன். முட்டி 70 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. என்ன செய்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் திட்டுவதை நிறுத்துங்கள். உங்கள் அம்மாவுக்குச் சோம்பல் இல்லை, பயம். அவர் சொன்ன "பிரிஞ்சிடும்" என்ற சொல்லுக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

பதில் இதுதான். புண் நன்றாக ஆறி, தையலும் பிரித்த பிறகு, சொல்லிக்கொடுத்தபடி மடக்கினால் எதுவும் பிரியாது. உள்ளே வைத்த மூட்டு எலும்போடு உறுதியாகப் பொருத்தப்பட்டது. மடக்கும்போது வரும் இழுப்பு, இறுகிப்போன தசையும் தோலும் நீள்வதால் வருவது. இதைப் பிசியோதெரபிஸ்டே அம்மாவிடம் சொல்லட்டும், மகள் சொல்வதைவிட அது எடுபடும். சொல்லி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்க வேண்டாம். பெரியவர்கள் மரியாதைக்காகவே "ம்" என்பார்கள். "நான் போனப்புறம் என்ன செய்வீங்க, ஒரு தடவை செஞ்சு காட்டுங்கம்மா" என்று கேட்கச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார் என்பது அப்போது தெரிந்துவிடும்.

அடுத்தது வலி. பத்துக்கு எத்தனை என்று கேட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு எண் வராது. இழுக்கிறதா, குத்துகிறதா, எரிகிறதா, விண்விண் என்று தெறிக்கிறதா என்று கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள். மடக்கும்போது இழுத்து, ஓய்வெடுத்ததும் அடங்கினால் பயிற்சியைத் தொடரலாம். இரவெல்லாம் தெறித்தாலோ மறுநாள் வீக்கம் கூடினாலோ பயிற்சியின் அளவைக் குறைக்க வேண்டும். வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரைமணி, முக்கால் மணி முன்பாக எடுத்துக்கொள்ளலாமா என்று அறுவை செய்த மருத்துவரிடம் கேளுங்கள். இது பெரிய வித்தியாசம் செய்யும்.

நான் மிகவும் வலியுறுத்தும் ஒன்று உண்டு: அம்மா கையை உயர்த்தினால் பிசியோதெரபிஸ்ட் அந்த நொடியே நிறுத்த வேண்டும். இதை இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ளட்டும். தான் சொன்னால் நிற்கும் என்ற நம்பிக்கை வந்தவர்கள் இன்னும் கொஞ்சம் மடக்க அவர்களாகவே இசைவார்கள். பிடித்து அழுத்தினால் தசை இறுகும், வலி கூடும், மறுநாள் அவரைப் பார்த்தாலே கால் விறைக்கும்.

"90 டிகிரி வரணும்" என்பது அம்மாவுக்கு வெறும் எண். அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். கோயில் படி ஏறணுமா, பஸ்ஸில் ஏறணுமா? படி ஏறவும் நாற்காலியிலிருந்து எழவும் ஏறக்குறைய 90 வேண்டும் என்று அப்போது சொன்னால் அந்த எண்ணுக்கு அர்த்தம் வரும். சம்மணம் போடுவதையும் தரையில் குந்துவதையும் பெரும்பாலும் தவிர்க்கச் சொல்வோம். அதையும் இப்போதே மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

தலையணையை இன்றே எடுத்துவிடுங்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் முட்டி முழுதாக நீளாமல் போய்விடும். நீளாத முட்டி நடையையே கெடுக்கும். உயர்த்தி வைக்க வேண்டுமென்றால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

மூன்றாவது வாரத்தில் 70 டிகிரி என்பது சற்றுப் பின்தங்கல்தான், கைவிட்டுப் போகவில்லை. அடுத்த பரிசோதனையில் இந்த அளவை அறுவை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆறு வாரத்திலும் 90 எட்டவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். தேவைப்பட்டால் மயக்கம் கொடுத்து முட்டியை மடக்கிவிடுவார்கள். மூன்று மாதத்துக்குள் செய்தால் பலன் அதிகம், பிறகு உள்ளே தழும்பு கெட்டியாகிவிடும்.

கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும், காய்ச்சல், புண்ணில் கசிவு, இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.