விவஸ்தை கெட்ட மழை

அன்புள்ள ஐயா,

பொங்கல் நினைவுகளை எழுதும்போது 'விவஸ்தை கெட்ட மழை' என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் அது ஏச்சு. வெட்கங்கெட்டவன், விவஸ்தை கெட்டவன் எல்லாம் ஒன்றுதான். மழைக்கு என்ன வெட்கம்? அப்படியே திட்டுவதென்றாலும் 'பகுத்தறிவற்ற' என்பது போல ஒரு தமிழ்ச்சொல் கிடைக்கவில்லையா?

– மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஏச்சுதான், மறுக்கவில்லை. ஆனால் வெட்கம் வேறு. 'வ்யவஸ்தா' என்ற சமஸ்கிருதச் சொல்லில் 'ஸ்தா' என்பது நிற்றல். எது எங்கே நிற்கவேண்டும் என்று பிரித்துவைத்த ஏற்பாடு. இந்தியில் பொருளாதாரத்துக்கே 'அர்த்தவ்யவஸ்தா' என்றுதான் பெயர். மலையாளத்தில் ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் 'வ்யவஸ்தகள்'. நம்மிடம் அது அடுக்களைக்குள் புகுந்துவிட்டது, அதுவும் எதிர்மறையில் மட்டும். 'ரொம்ப விவஸ்தையுள்ளவர்' என்று யாரும் யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. ஈவிரக்கம் மாதிரி, இல்லாதபோதுதான் பேச்சில் வரும்.

என் பாட்டி பந்தியில் கண்கொத்திப் பாம்பாக நிற்பார். சாம்பார்க் கரண்டி பாயசத்துக்குள் போனால் 'விவஸ்தை இருக்கா?' என்று குரல் வரும். ஒருமுறை சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது வாய்ப்பழக்கத்தில் 'போயிட்டு வரேன்' என்று சொல்லிவிட்டார் சித்தப்பா. தெருமுனை திரும்பியதும் அவருக்கும் அதே கேள்வி. கரண்டியிலும் குற்றமில்லை, சொல்லிலும் குற்றமில்லை. போன இடம்தான் தப்பு.

மழையும் அப்படித்தான். ஐப்பசியில் பெய்தால் கும்பிடுகிறோம். 2021 ஜனவரியில் உங்கள் பக்கம் பெய்தது நினைவிருக்கும். அறுப்புக்கு நின்ற சம்பா சாய்ந்து, கதிரிலேயே முளைவிட்டது.

அப்புறம் பகுத்தறிவு. பகுத்தல் என்றால் பிரித்தல். மூலத்தில் கிட்டத்தட்ட இதே பொருள்தான். ஆனால் பெரியாருக்குப் பிறகு அந்தச் சொல்லின் எடையே வேறு. 'பகுத்தறிவற்ற மழை' என்றால் மழை ஏதோ தீ மிதித்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். 'வகைதொகை இல்லாமல்' என்று எழுதியிருக்கலாம், எனக்கு ரொம்பப் பிடித்த சொல். ஆனால் அது அளவு மீறியதைச் சொல்வது: வகைதொகை இல்லாமல் செலவழித்தான், தின்றான். நான் எழுதிய மழை அப்படியொன்றும் கொட்டவில்லை. பொங்கலன்று காலையில் கால்மணி நேரம், வாசலில் பானையில் பால் பொங்கி வருகிற சமயம் பார்த்து, நேராக அடுப்பில் விழுந்தது.