அறிவியல் புனைகதையால் பேர்பெற்ற சிற்றூர் எதற்காவது போனதுண்டா? அவ்வளவு தூரம் போகத் தகுமா?

போயிருக்கிறேன். கனடாவில், ஆல்பர்ட்டா மாநிலத்தில் இருக்கும் வல்கன் என்ற ஊர். அதற்காக மட்டும் சிங்கப்பூரிலிருந்து கிளம்பாதீர்கள். கால்கரி பக்கம் வேறு வேலை இருந்தால் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

என் தங்கை கால்கரியில் இருக்கிறாள். ஒரு செப்டம்பரில் அப்பாவை அழைத்துக்கொண்டு போயிருந்தோம். மலை, ஏரி என்று ஊரே கொண்டாடும் இடங்களுக்கெல்லாம் கூட்டிப்போனோம். அப்பா குளிர் என்று சொல்லிக் காரைவிட்டே இறங்கவில்லை. ஆனால் இவர்தான் எண்பதுகளில் அங் மோ கியோ வீட்டில் ஸ்டார் டிரெக் என்ற விண்வெளித் தொடரின் வீடியோ கேசட்டை வாடகைக்கு எடுத்துவந்து, தூங்க வேண்டிய எங்களையும் உட்காரவைத்துப் பார்த்தவர். "ஸ்போக் பேரைச் சொல்லிப் பிழைக்கிற ஊர் ஒன்று பக்கத்திலேயே இருக்குப்பா" என்றாள் தங்கை. அந்தத் தொடரில் வரும் கூர்க்காதுப் பாத்திரம்தான் ஸ்போக். அப்பா உடனே ஸ்வெட்டரைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

பக்கம் என்றால் அந்த ஊர்க் கணக்கில் பக்கம். 120 கிலோமீட்டர் போல வரும். சிங்கப்பூரின் ஒரு கோடியான துவாஸிலிருந்து மறு கோடியான சாங்கிக்குப் போய்த் திரும்பினாலும் அவ்வளவு ஆகாது. வழி நெடுக வயல்தான். மொத்த ஊரிலும் 2,000 பேர்கூட இல்லை. நம் வீவக அடுக்குமாடி புளோக்குகள் ஐந்தாறில் அடங்கிவிடுவார்கள்.

ஊருக்குள் நுழையும்போதே மேடைமேல் ஒரு விண்கல மாதிரி நிற்கிறது. 1995இல் வைத்தது; 31 அடி நீளம், 5 டன் எடை. உண்மையைச் சொன்னால் எனக்கு ஏமாற்றம்தான். நம் இரண்டடுக்குப் பேருந்தைவிடக் குட்டை! ஆனால் கீழே எழுதியிருப்பதை நின்று படியுங்கள். ஆங்கிலத்தில் மட்டுமல்லாமல், தொடரில் வரும் வேற்றுக்கிரகவாசிகளின் வல்கன், கிளிங்கான் மொழிகளிலும் வரவேற்பு இருக்கிறது. கலத்தின் எண் எஃப்எக்ஸ்6-1995-ஏ. அதில் எஃப்எக்ஸ்6 என்பது அந்த ஊர் விமானத்தளத்தின் குறியீடு. எனக்குக் கலத்தைவிட இந்தக் குறும்புதான் பிடித்தது.

இத்தனைக்கும் ஊருக்கும் தொடருக்கும் ஆதியில் ஒரு சம்பந்தமும் கிடையாது. ரயில் பாதை போட வந்த கனடியன் பசிபிக் நிறுவனத்தின் நில அளவையாளர் ஒருவர், ரோமானியரின் நெருப்புக் கடவுள் பெயரை வைத்துவிட்டுப் போனார். நம் அக்கினியையும் விசுவகர்மாவையும் சேர்த்தாற்போன்ற கடவுள் அவர். தெருக்களுக்கும் அப்போது ஜூனோ, ஜூப்பிட்டர் என்று கடவுள் பெயர்கள்தான். இதெல்லாம் நடந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான், 1966இல், ஸ்டார் டிரெக் வந்தது. அதில் ஸ்போக்கின் சொந்தக் கிரகத்துக்கும் வல்கன் என்றே பெயர். ஒரு காலத்தில் ஒன்பது தானியக் களஞ்சியங்கள் வரிசையாக நின்ற கோதுமை ஊர் இது. தற்செயலாக வாய்த்த பெயரைப் பிடித்துக்கொண்டு சுற்றுலா ஊராகவும் ஆகிவிட்டது. நம் சிங்கப்பூரிலும் ஒன்-நார்த்தில் ஸ்டார் வார்ஸ் படத்தில் வரும் வண்டியின் வடிவத்தில் கட்டடம் இருக்கிறது. (அது வேறு படம். இரண்டையும் குழப்பினால் ரசிகர்கள் அடிக்க வருவார்கள்.) ஆனால் அது பட நிறுவனத்தின் வேலை. வல்கனில் ஊர்க்காரர்களே கூடிச் செய்தது.

2009இல் புது ஸ்டார் டிரெக் படம் வந்தபோது முதல் காட்சியை எங்கள் ஊரில் போடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கேட்ட பிறகு ஒரு சிக்கல்: ஊரில் தியேட்டரே இல்லை! ஸ்போக்காக நடித்த லெனர்ட் நிமாய் ஊர்க்காரர்களுக்காகப் பேசினார். கடைசியில் கால்கரியில் ஒரு சிறப்புக் காட்சி ஏற்பாடாகி, குலுக்கலில் தேர்வான 300 பேர் போய்ப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் நிமாய் நேரிலேயே ஊருக்கு வந்தார். ஸ்போக்கின் வெண்கலச் சிலை அப்போது திறந்ததுதான்.

அந்தச் சிலைக்குப் பக்கத்தில் அப்பாவைப் படம் எடுத்தேன். நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே பிரித்துக் காட்டும் அந்த வணக்கம் அவருக்கு வரவேயில்லை, மூட்டுவலிக் கை. சின்ன வயதில் யூதக் கோயிலில் பார்த்த ஆசி முத்திரையைத்தான் நிமாய் தொடரில் கொண்டுவந்தார் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்பா காதில் வாங்காமல், இடது கையால் வலது கை விரல்களைப் பிரித்துப் பிடித்தபடி விறைப்பாக நின்றார். படத்தில் இரண்டு கையும் தெரிகிறது.

சுற்றுலா மையக் கட்டடமும் தரையிறங்கிய விண்கலம் மாதிரிதான். நினைவுப் பொருட்கள் சுமார். இரண்டு மணி நேரம் போதும் ஊரைப் பார்க்க. முடிந்தால் கோடையில் ஸ்போக் டேஸ் விழா சமயத்தில் போங்கள்; வேடம் போட்டவர்கள் கூட்டமாக வருவார்களாம். நாங்கள் போன நாளில் கூர்க்காது மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தவர் ஒருவர்தான். அதுவும் என் தங்கை.