குருவி ஏன் எகிப்துக்குப் போகவில்லை?

கேள்வி: ஆஸ்கர் வைல்டின் 'மகிழ்ச்சியான இளவரசன்' கதையை என் எட்டு வயது மகளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். குருவி செத்ததும் புத்தகத்தைப் பிடுங்கி மூடிவிட்டாள். "இளவரசன் நல்லவன்னா குருவியை ஏன் முன்னாடியே ஊருக்கு அனுப்பலை?" என்று கேட்கிறாள். தியாகத்தின் பெருமையை இவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அவளுக்குப் புரியாமல் இல்லை, சகோதரி. நன்றாகப் புரிந்ததால்தான் கோபம் வந்திருக்கிறது.

1888-இல் வெளிவந்த கதை அது. சிலையாக நிற்கும் இளவரசன் வாள்பிடியின் மாணிக்கத்தையும் கண்களாக இருந்த நீலக்கற்களையும் மேலே போர்த்திய பொன் தகடுகளையும் ஏழைகளுக்குக் கொடுக்கிறான். அவனுடையவை, கொடுக்கட்டும். அதையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்த தகைவிலான் குருவிக்கு இருந்தது உயிர் ஒன்றுதான். கூட்டாளிகள் எகிப்துக்குப் பறந்துவிட்டார்கள். குளிர் ஏறுகிறது. "இன்னும் ஒரே ஒரு ராத்திரி" என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்கிறான்.

இரண்டு கண்ணும் போன பிறகு, "நீ எகிப்துக்குப் போய்விடு" என்று அவனே சொன்னான், குருவிதான் மறுத்தது. இதையும் மகளிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் அப்புறமும் ஊரைச் சுற்றிப் பார்த்து வரச் சொல்லி, தகடு தகடாகப் பொன்னைக் கொடுத்தனுப்பியவன் அவன்தானே?

எனக்கு மறக்காத இடங்கள் இரண்டு. முதல் இரவு, காய்ச்சலில் கிடந்த பையனின் தாய்க்கு மாணிக்கத்தைக் கொடுத்துவிட்டு வந்த குருவி, "இவ்வளவு குளிரிலும் கதகதப்பாக இருக்கிறது" என்கிறது. நல்லது செய்ததால்தான் என்கிறான் இளவரசன். கடைசியில் அந்தக் கதகதப்பு போதவில்லை. ரொட்டிக் கடை வாசலில் துணுக்குப் பொறுக்கித் தின்று, சிறகை அடித்து அடித்துச் சூடு தேடியது. அது விடைபெற வந்தபோது இளவரசன் சொல்கிறான்: "ஒருவழியாக எகிப்துக்குக் கிளம்பிவிட்டாயே, சந்தோஷம்." பக்கத்திலேயே சாகிறது, குருவி தன் வாயால் சொல்லும்வரை அவனுக்குத் தெரியவில்லை. ஆரம்பத்தில் குளிரைப் பற்றிச் சொன்ன குருவியும், கடைசி நாட்களில் குளிருகிறது என்று அவனிடம் முறையிடவில்லை.

இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குப் பெரியம்மா ஞாபகம்தான். பதினோரு பேர் இருந்த வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் மிஞ்சியதை வழித்துச் சாப்பிடுவார். முட்டி வீங்கியிருக்கும். கேட்டால், "ஒண்ணுமில்ல, போ" என்பார். நாங்களும் போய்விடுவோம். இளவரசனுக்காவது கண் இல்லை. எங்களுக்கு இருந்தது.

அதனால் பெருமையைப் புரியவைக்கும் வேலை வேண்டாம். கதையின் முடிவையும் மாற்றிச் சொல்லாதீர்கள். அவள் கோபம் கொஞ்சம் ஆறட்டும். பிறகு அந்தக் கடைசிப் பக்கங்களை இருவரும் சேர்ந்து இன்னொரு முறை வாசியுங்கள். "கடைசியிலயும் எனக்குக் குளிருதுன்னு குருவி சொல்லியிருந்தா இளவரசன் என்ன செஞ்சிருப்பான்?" என்று கேளுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.