உம் கொட்டுகிறவர்கள் திரும்பி வரமாட்டார்கள்

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 26. பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி விளையாடும் டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டுகள் மேல் பெரிய ஆசை. எட்டு மாதம் உட்கார்ந்து ஓர் உலகத்தை உருவாக்கினேன். ஏழு ராஜ்ஜியங்கள், பனிமலைகள், வம்ச வரலாறு, வரைபடம் எல்லாம் சேர்த்து 140 பக்கம். நண்பர்கள் ஆறு பேரைக் கூப்பிட்டேன். முதல் ஞாயிறு ஆறு பேரும் வந்தார்கள், அடுத்த முறை நான்கு பேர், மூன்றாவது முறை இரண்டே பேர். விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்ததால் ஆங்கிலத்திலேயே நடத்தினேன். என் உலகத்தில் என்ன குறை? நிலையாக வரும் ஆட்களை மதுரையில் எங்கே தேடுவது?
எஸ்., திருநகர்

பதில்: தம்பி, மூன்றாவது ஞாயிறும் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். அவர்களை விட்டுவிடாதீர்கள், அங்கிருந்தே தொடங்கலாம்.

இந்த விளையாட்டு தெரியாத வாசகர்களுக்காக இரண்டு வரி. கேம் மாஸ்டர் என்று ஒருவர் சூழலைச் சொல்வார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகையில் முதலில் விற்பனைக்கு வந்தது.

பாட்டி கதை சொல்லும்போது நம்மை உம் கொட்டச் சொல்வார் இல்லையா? உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. 140 பக்கத்தையும் நீங்களே எழுதி முடித்துவிட்டீர்கள். வந்த ஆறு பேருக்கு உம் கொட்டுவதைத் தவிர வேறு வேலை இல்லை. அதிலும் ஆங்கிலத்தில் கொட்ட வேண்டும். கோபமாக ஒரு காவல்காரனிடம் பேச வேண்டிய இடத்தில், இலக்கணம் சரியா என்று மனதுக்குள் பார்த்துக்கொண்டிருப்பவர் எப்படி விளையாடுவார்? உங்கள் உலகத்தில் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. அதில் அவர்களுக்கென்று ஒரு திண்ணைகூட இல்லை.

முதல் மாற்றம், தமிழுக்கு வாருங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டிருக்கிறார்கள். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் மொழிபெயர்க்கலாம். தேவையான பத்துப் பக்கத்தை மட்டும் நம் பேச்சில் எழுதிக் கொடுங்கள். அப்புறம் பாருங்கள், வாயே திறக்காதவர் "ஏய், யார்ரா நீ, வாசல்ல நிக்கிறது?" என்று அதட்டுவார்.

பகடையில்கூட நம் பழக்கம் வேறு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் இருபது முகப் பகடையில் 1 விழுந்தால் தாக்குதல் கட்டாயம் தவறும். நமக்கோ 1 விழுந்தால் தாயம்! அது விழாமல் காயே இறங்காது. 1 விழுந்தால் துள்ளிக் குதித்து வளர்ந்தவர்களிடம் அது தோல்வி என்று சொல்வதில் எனக்கு எப்போதுமே ஒரு சங்கடம் உண்டு. கால் ஆஃப் தூலு போன்ற விளையாட்டுகளில் குறைந்த எண்தான் நல்லது. நீங்களும் விதியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது உலகம். 140 பக்கத்தைத் தூக்கிப்போட வேண்டாம், அலமாரியில் இருக்கட்டும். இப்போதைக்கு ஒரே ஒரு தெரு போதும். அந்தத் தெருவில் ஐந்து மனிதர்கள், ஒரு தொல்லை.

அந்தத் தெருவை எங்கே தேடுவது என்று கேட்டால், மதுரைக்காஞ்சியின் இரவுப் பகுதியைப் படியுங்கள் என்பேன். பகலில் நாளங்காடி, இரவில் அல்லங்காடி. நள்ளிரவில் நீலக் கச்சு கட்டி, நூலேணியை இடுப்பில் சுற்றி, நிலத்தைத் தோண்டும் உளியோடு கள்வர்கள் திரிவார்கள். யானையை எதிர்பார்த்துக் காத்திருக்கும் புலி போலக் காவலர்கள் அவர்களைத் தேடுவார்கள். இதை எழுதிய மாங்குடி மருதனார் ஒரு விளையாட்டுக்குத் தேவையான ஆள், இடம், கருவி, ஆபத்து எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறார். இருட்டில் ஒரு நூலேணி தொங்குகிறது. யார் ஏறுகிறீர்கள்? ஆட்டத்தைத் தொடங்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

இல்லாவிட்டால் வீட்டு மாடியிலிருந்து பாருங்கள். மதுரையை அழிக்க ஏவப்பட்ட யானையும் பாம்பும் பசுவும்தான் யானைமலை, நாகமலை, பசுமலையாகக் கிடக்கின்றன என்று திருவிளையாடல் கதைகள் சொல்கின்றன. உங்கள் கற்பனை நகரத்தைச் சுற்றியும் மலையாக உறங்கும் மிருகங்கள் இருக்கட்டும். ஒரு நாள் விடியற்காலையில் பால்காரர் கவனிக்கிறார், யானை நேற்று படுத்திருந்த பக்கம் இன்று படுத்திருக்கவில்லை. இவ்வளவுதான் நீங்கள் எழுத வேண்டியது. ஏன் திரும்பியது என்பதை எழுதி வைக்காதீர்கள். அந்த இடத்தைக் காலியாக விடுங்கள்.

காலி இடத்தை யார் நிரப்புவார்கள்? ஆட்டக்காரர்கள். உட்கார்ந்ததும் ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: "இந்தத் தெருவில் நீ யாருக்குக் கடன்பட்டிருக்கிறாய்? யாரைக் கண்டால் ஒதுங்கிப் போவாய்?" நான் நடத்திய ஓர் ஆட்டத்தில் அதிகம் பேசாத ஒரு பெண் இருந்தாள். ஜவுளிக்கடையில் வேலை. இந்தக் கேள்விக்கு வெகு நேரம் யோசித்துவிட்டு, "ஒரு பூக்காரிக்குக் கடன். அவ கட்டுன சரம் பொய் சொல்றவங்க கையில வாடிரும்" என்றாள். எங்கள் எல்லோருக்கும் சிலிர்த்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்த ஒன்பது அமர்விலும் கதை அந்தப் பூக்காரியைச் சுற்றித்தான் போனது. அந்தப் பெண் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. அவளுடைய பூக்காரி அங்கே இருக்கும்போது எப்படி வராமல் இருப்பாள்?

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். நம் ஊர்க் கதைகளை எடுக்கும்போது சாமியும் சாதியும் கூடவே வரும். ஒருவருக்கு வெறும் கதையாக இருப்பது பக்கத்தில் இருப்பவருக்குக் குலதெய்வமாக இருக்கலாம். ஆட்டம் தொடங்கும் முன் ஒரு நாள் பகடையைத் தொடாமல் உட்கார்ந்து, எது வேண்டும், எது வேண்டவே வேண்டாம் என்று பேசிவிடுங்கள். இதை 'செஷன் ஜீரோ' என்பார்கள். நடுவில் யாராவது கையை உயர்த்தினால் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை விட்டுவிட வேண்டும். சாதியை வைத்துச் சீண்டுகிறவர் எவ்வளவு நன்றாக நடித்தாலும் என் மேசையில் அவருக்கு இடமில்லை.

இனி ஆட்கள். விளையாட்டு தெரிந்தவர்களைத் தேடாதீர்கள், கிழமை தவறாதவர்களைத் தேடுங்கள். ஞாயிறு காலை ஐந்தரைக்கு மட்டையோடு மைதானத்துக்கு வந்துவிடுகிறவர், கல்லூரி நாடகத்தில் ஒத்திகைக்குத் தவறாதவர், பட்டிமன்றத்தில் பேசிப் பழகியவர். புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்த 2023லிருந்து, வாரம் தவறாமல் போய் உட்காரும் வாசகர்களை நான் பார்க்கிறேன். அப்படிப்பட்டவரிடம் போய்ப் பேசுங்கள். விதிகளை அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். வாரம் தவறாமல் வருவதை உங்களால் சொல்லிக்கொடுக்க முடியாது.

கூப்பிடும்போது "எப்போ ஃப்ரீ?" என்று கேட்காதீர்கள். நாளையும் நேரத்தையும் நீங்களே சொல்லுங்கள். "இரண்டாவது, நான்காவது ஞாயிறு, மூன்று மணி முதல் ஆறு மணி வரை. மூன்று முறை வந்தால் கதை முடிந்துவிடும்." முடியும் தேதி தெரிந்தால் ஒப்புக்கொள்வது எளிது, வீட்டில் சொல்லிவிட்டு வருவதும் எளிது. பெண்கள் வர வேண்டுமென்றால் ஆறு மணி என்றால் ஆறு மணிக்கு முடித்துவிடுங்கள். முகூர்த்த ஞாயிறுகளைக் காலண்டரில் பார்த்து முன்பே தள்ளி வையுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் வாரம் முழு விடுமுறை.

ஆறு பேர் வேண்டாம், நான்கு பேர் போதும். ஒருவர் வராவிட்டாலும் ஆட்டம் நடக்க வேண்டும். அவருடைய பாத்திரம் அன்றைக்கு வெளியூர் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்காக ஒரு முறை தள்ளி வைத்தால் அடுத்த முறை இருவர் வரமாட்டார்கள். நான் நடத்திய முதல் குழு அப்படித்தான் கலைந்தது, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

சரி, வருகிற ஞாயிறு அந்த இரண்டு பேரையும் கூப்பிடுங்கள். வரைபடத்தை எடுக்காமல், யானைமலை திரும்பிப் படுத்ததை மட்டும் சொல்லுங்கள். அவர்கள் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.