மிரர் டிஸ்க் சந்தேகங்கள்: கேட்டவையும் சொன்னவையும்

கே: லினக்ஸில் ரெய்டு 1, அதாவது இரண்டு டிஸ்கிலும் ஒரே தகவலை எழுதும் மிரர். ஒரு டிஸ்க் அடிக்கடி கழன்றுகொள்கிறது. திரும்பச் சேர்த்துச் சோதித்தால் குறையே இல்லை. எது பொய் சொல்கிறது?

ப: எதுவும் இல்லை. டிஸ்க் தன் உடல்நிலையைக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 5 (மாற்றப்பட்ட செக்டார்கள்), 197 (படிக்க வராமல் நிற்கும் செக்டார்கள்), 199 (கேபிள் வழியே வரும் தகவல் பிழைகள்) ஆகிய மூன்று வரிகளைப் பாருங்கள். செக்டார் என்பது டிஸ்கின் ஒரு சிறு துண்டு. 199 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் சாட்டா கேபிள்தான். என் மெஷினில் கேபினெட் மூடி கேபிளை அழுத்தி மடக்கியிருந்தது. இரண்டு வாரம் டிஸ்கைத் திட்டினேன். கேபிளை மாற்றினாலும் அந்த எண் பூஜ்யமாகாது, மேலே ஏறாமல் நின்றால் சரி.

197 ஏறியிருந்தால் கதை வேறு. படிக்க வராத செக்டார் ஒன்றோடு சாதா டிஸ்க் நிமிடக்கணக்கில் மல்லுக்கட்டும். லினக்ஸ் காத்திருப்பது 30 வினாடி. பதில் வராவிட்டால் டிஸ்கை ரீசெட் செய்யும். அதற்கும் எழவில்லை என்றால் வெளியே தள்ளிவிடும். நீங்கள் திரும்பச் சேர்க்கும்போது அந்த இடத்தில் புதிதாக எழுதப்படுகிறது, 197 இறங்கிவிடுகிறது. சோதனையில் நல்ல பிள்ளை! நாஸ் டிஸ்க் (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகளுக்கென்று செய்தது) என்றால் சுமார் 7 வினாடியில் கைவிரிக்கும். மிரர் அடுத்த டிஸ்கில் படித்து அந்த இடத்தைச் சரிசெய்துகொள்ளும்.

கே: தவறுதலாக அழித்த போட்டோக்கள் இன்னொரு டிஸ்கில் இருக்குமா?

ப: இருக்காது. அழித்ததும் அதிலும் அழிந்தது. மிரர் பேக்கப் ஆகாது.

கே: நாஸ் டிஸ்க் வாங்கு என்பது வியாபாரப் பேச்சு. ரெய்டு (RAID) என்பதிலுள்ள ‘ஐ’ மலிவு (inexpensive) என்றுதானே?

ப: ஆமாம், 1988-ல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் எழுதிய கட்டுரையில் மலிவுதான். நான் விலையைப் பேசவில்லை, காத்திருக்கும் நேரத்தைப் பேசுகிறேன். சில சாதா டிஸ்குகளிலும் அந்த 7 வினாடியை அமைக்கலாம். ஆனால் பல டிஸ்குகள் கரண்ட் போய் வந்தால் மறந்துவிடும். பூட் ஆகும்போதெல்லாம் அமைக்க ஸ்கிரிப்ட் எழுதுங்கள்.

கே: (அவரே) லினக்ஸின் 30-ஐ 180 ஆக்கினால் தீர்ந்ததே?

ப: டிஸ்க் கழலாது. அந்த செக்டாரைத் தொடும்போதெல்லாம் மெஷின் உறைந்து நிற்கும். பொறுமை இருந்தால் செய்யுங்கள்.

கே: (மறுபடியும் அவரே) பத்து வருடமாகச் சாதா டிஸ்க்தான், ஒன்றும் ஆகவில்லை.

ப: நல்லது. பேக்கப் இருக்கிறதா?

கே: ஒரு டிஸ்க் செத்துவிட்டது. புதியது மாட்டலாமா?

ப: முதலில் பேக்கப். ரீபில்டு, அதாவது புதிய டிஸ்கில் நகலெடுப்பது, மிஞ்சிய டிஸ்கை முழுக்கப் படிக்கும். அதுவும் சம வயசுக் கிழம். லினக்ஸ் ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டில் இரண்டு ‘யூ’ (U) இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ‘யூ’வும் ஓர் அடிக்கோடும் தெரியும். எது செத்தது என்பதை ஸ்டிக்கரிலுள்ள சீரியல் நம்பரை வைத்து உறுதிசெய்யுங்கள். நல்லதைக் கழற்றிவிட்டு அழுதவர்கள் நிறைய.

கே: பயாஸ் பேட்டரி மாற்றியபின் இரண்டு டிஸ்கும் தனித்தனியாகத் தெரிகின்றன.

ப: உங்களுடையது மதர்போர்டு ரெய்டு. பேட்டரி மாற்றியதில் பயாஸ் அமைப்பு அழிந்து, சாட்டா மோடு டிஸ்குகளைத் தனித்தனியாகக் காட்டும் ஏஹெச்சிஐக்குப் போயிருக்கும், ரெய்டுக்கே திருப்புங்கள். அதுவரை எதையும் எழுத விடாதீர்கள். ‘புதிய வால்யூம் உருவாக்கு’ பக்கம் கையே போகக் கூடாது.

கே: என் டிஸ்கும் கழன்றுகொள்கிறது, சோதித்தால் நன்றாகத்தான்...

ப: முதல் பதில். கேபிளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.