திருகோணமலையிலிருந்து வயதான அம்மாவைச் சென்னைப் பரங்கிமலைக்குக் கூட்டிப்போவது எப்படி? வேளாங்கண்ணியையும் சேர்த்து மூன்று நாளில் முடிக்கலாமா?

மூன்று நாளில் இரண்டும் ஏலாது. வேளாங்கண்ணி சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். போக ஒரு பகலோ இரவோ, வர இன்னொன்று. மிஞ்சும் நேரத்தில் பரங்கிமலையை அரை மணித்தியாலத்தில் பார்த்து, படம் எடுத்து, இறங்கி ஓட வேண்டியதுதான். நம் ஊர்ப் பக்கத்திலிருந்து ஆள் சேர்த்துப் போகிற வான் கூட்டங்கள் பல அப்படித்தான் செய்கின்றன. இயேசுவின் சீடரான தோமையார் வேதசாட்சியாக மரித்த இடம் என்று சொல்லி நூற்றாண்டுக் கணக்காகச் சனம் ஏறுகிற மலையை, விமானத்துக்கு நேரம் இருந்தால் பார்க்கும் இடமாக வைத்திருப்பது எனக்கு உண்மையிலேயே மன வருத்தம். அதனால்தான் இந்தப் பதில் இவ்வளவு நீளம்.

முதலில் இரண்டு ஆட்சேபங்கள். "மடு மாதா இருக்க, நம் ஊர்ப் பாலையூற்று லூர்து மாதா இருக்க, இந்தியாவுக்கு ஏன்?" என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். மடுவுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒன்றுக்கு மற்றது மாற்றும் இல்லை. இன்னொருவர், தோமையார் வந்ததற்கு ஆதாரம் எங்கே என்பார். அவர் கி.பி. 72இல் இங்கே மரித்தார் என்பது மரபு, கல்வெட்டுச் சான்று இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ இந்தக் கரையில் தோமையார் கல்லறைக்குக் கிறிஸ்தவர்கள் யாத்திரை வருவதை எழுதி வைத்திருக்கிறார். போர்த்துக்கேயர் கட்டிவிட்ட கதை என்று தள்ளிவிட முடியாது. அதற்கு மேல் விசுவாசம், அதை அவரவரிடம் விட்டுவிடுகிறேன்.

இனித் திட்டத்துக்கு வருவோம். அம்மாவோடு என்றால் போய்வருகிற நாள்களைத் தவிர்த்து முழுதாக இரண்டு நாள் சென்னையில் வையுங்கள். முதல் நாள் காலை பரங்கிமலை, அன்று பின்னேரம் சின்னமலை. மறுநாள் சாந்தோம். தோமையாரோடு சேர்த்துச் சொல்லப்படும் மூன்று இடங்களும் இவைதான்: சின்னமலைக் குகையில் ஒளிந்திருந்தார், பரங்கிமலையில் குத்துண்டு இறந்தார், சாந்தோமில் அடக்கம் செய்யப்பட்டார். இந்த ஒழுங்கிலேயே போக விரும்புகிறவர்கள் சின்னமலையை முதலில் வைப்பார்கள். நான் மலையை முதலில் வைக்கச் சொல்வது வெயிலுக்காக மட்டுமே.

விசா. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்தியாவின் மின் விசா உண்டு. அரச தளத்தின் முகவரி 'ஜிஓவி டொட் இன்' என்று முடியும். அதே தோற்றத்தில் தனியார் தளங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றில் கட்டும் காசில் பெரும்பங்கு அவர்களுக்கே. குறைந்தது 4 நாளுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் இரண்டு கிழமை விட்டுச் செய்யுங்கள், ஏனென்றால் படம் தெளிவில்லை என்று திருப்பி அனுப்பினால் மறுபடி ஏற்ற நேரம் வேண்டும். படம் சதுரமாக, வெள்ளைப் பின்னணியில், மூக்குக்கண்ணாடி போடாமல் எடுத்ததாக இருக்க வேண்டும். கடவுச்சீட்டுக்கு ஆறு மாதக் காலாவதி மிச்சமும் இரண்டு வெற்றுப் பக்கமும் தேவை.

நம்மவர்களுக்குப் பிழைக்கிற இடம் பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, திருமணத்துக்குப் பிறகு வேறொரு மாதிரி. இவை எதையும் பார்க்க வேண்டாம். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர், ஏனைய பெயர்கள் என்ற இரண்டு வரியிலும் உள்ளதை எழுத்துப் பிசகாமல் விண்ணப்பத்திலும் விமான டிக்கட்டிலும் அப்படியே போடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் கவுண்டரில் அம்மாவை ஒதுக்கி நிறுத்திவிடுவார்கள். விண்ணப்பத்தில் இந்தியாவில் தங்கும் முகவரியும் தொலைபேசி எண்ணும் கேட்பார்கள், ஆகவே தங்குமிடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்.

தங்குமிடம் என்றதும் எனக்குக் கோபம் வருகிற விஷயம் ஒன்று. வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர் 24 மணித்தியாலத்துக்குள் 'சி' படிவம் என்ற பெயரில் அறியப்பட்டு வந்த விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும் என்பது இந்தியச் சட்டம். சின்ன லொட்ஜ்கள் பல அதற்கான இணையக் கணக்கே எடுத்து வைத்திருப்பதில்லை. இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டதும் "அறை இல்லை" என்பார்கள். பேசுவது தமிழ், கும்பிடுவது ஒரே மாதா, ஆனாலும் இரவு பத்து மணிக்கு ஒரு வயதான தாயை வாசலில் நிற்க வைக்கிறார்கள். படிவம் நிரப்பப் பத்து நிமிடம் போதும், அதைச் செய்ய மனமில்லை என்பதுதான் நோகிறது. ஆகவே இணையத்தில் அறை பதிந்த உடனே அழைத்து, "இலங்கைக் கடவுச்சீட்டு, சி படிவம் போடுவீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். பதிலை வட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வையுங்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்கினாலும் இதே விதிதான். வீட்டுக்காரர் பதிய வேண்டும், பலருக்கு இது தெரியாது. இடம் கிண்டி, ஆலந்தூர், மீனம்பாக்கம் பக்கமாக இருக்கட்டும். எழும்பூரில் எடுத்தால் காலை நெரிசலிலேயே அம்மா களைத்துப் போவார்.

பயண வழி இரண்டு. கட்டுநாயக்கவிலிருந்து விமானங்கள் அதிகம், பறக்கும் நேரம் ஒன்றரை மணித்தியாலத்துக்குள். ஆனால் திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்க போய்ச் சேர ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக வானில் ஆறு மணித்தியாலம் ஒதுக்க வேண்டும். கொழும்புக்குள் போய்த் திரும்பாதீர்கள். விமான நிலையம் கொழும்புக்கு வடக்கே 30 கிலோமீட்டரில் இருப்பதால் குருநாகலிலிருந்து நேரே நீர்கொழும்புப் பக்கம் இறங்கிவிடலாம். அதிகாலை விமானம் என்றால் முதல் நாளே நீர்கொழும்பில் தங்குங்கள். இரவிரவாக வானில் வந்து, மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்று, அன்றைக்கே மலை ஏறுவது வயதானவர்களுக்குச் சரிவராது.

மற்றது யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம். வவுனியா போய் ஏ9 வழியாக யாழ்ப்பாணம், அங்கிருந்து சென்னை. சின்ன விமானம் என்பதால் டிக்கட் எடுக்கும்போதே பொதி நிறையைப் பாருங்கள். காற்று, மழை என்றால் பிந்தவும் ரத்தாகவும் வாய்ப்பு அதிகம். உலகமே பேசுகிற இயற்கைத் துறைமுகமும் சீனக்குடாவில் ஓடுபாதையும் வைத்திருக்கிற ஊர் நம் ஊர். அப்படியிருந்தும் பக்கத்துக் கரைக்குப் போக நாம் நாட்டின் மறுபக்கத்துக்கோ வடமுனைக்கோ போக வேண்டியிருக்கிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லாத புலம்பல் என்று நினைப்பவர்கள், மூட்டு வலியோடு ஆறு மணித்தியாலம் வானில் இருக்கிற ஒருவரைக் கேட்டுப் பார்க்கட்டும்.

வேளாங்கண்ணி கட்டாயம் வேண்டும் என்றால் பயணத்தை ஆறு நாளாக்கி, காங்கேசன்துறை - நாகப்பட்டினம் கப்பலை ஒரு வழிக்கு யோசிக்கலாம். நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இரண்டு எச்சரிக்கை. மின் விசாவில் எல்லா இடத்தாலும் உள்ளே போக முடியாது, அனுமதித்த நுழைவிடங்களின் பட்டியல் உண்டு. அதில் நாகப்பட்டினம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கப்பலுக்குக் காசு கட்டுங்கள். அடுத்தது, வாடைக் காற்றுக் காலத்தில் இந்தக் கப்பல் நிற்கும்.

மாதம் எது? ஜனவரி கடைசி, பெப்ரவரி. சென்னையில் மழை விட்டிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. டிசம்பர் 18 மலைக்கோயில் மாதாவின் திருநாள், ஜூலை 3 தோமையார் திருநாள். டிசம்பருக்குப் போக விரும்பினால் மழையைக் கணக்கில் எடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையமே நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் புயலிலும் ஓடுபாதையில் தண்ணீர் நின்றது. திரும்பும் திகதியை மாற்றக்கூடிய டிக்கட் எடுங்கள். தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதைக்குக் கூட்டம் ஏறும். அதுவே வேண்டும் என்பவர்கள் போகலாம், அமைதி வேண்டும் என்பவர்கள் வேறு கிழமை பாருங்கள்.

விமான நிலையத்திலிருந்தே மெட்ரோ உண்டு. நீலத் தடத்தில் ஏறி ஆலந்தூரில் இறங்கி, பச்சைத் தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையமே பரங்கிமலை, அதுவே கடைசி நிலையமும். கடற்கரை - தாம்பரம் புறநகர் ரயிலும் அங்கே நிற்கும். நிலையத்திலிருந்து ஓட்டோ எடுக்கும்போது "மவுண்ட்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நகரின் நடுவே மவுண்ட் ரோடு இருக்கிறது, மெட்ரோவில் சின்னமலை என்று இன்னொரு நிலையமும் இருக்கிறது. "பரங்கிமலைச் சர்ச்" என்றாலும் அடிவாரத்தில் உள்ள புனித பத்திரிசியார் கோயிலில் இறக்கிவிட வாய்ப்புண்டு. "மலை உச்சியில் இருக்கிற மாதா கோயில்" என்று சொல்லி, படியடியா, மேலேயா என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். கூலியை ஏற முன் பேசி முடியுங்கள்.

மலை 300 அடி அளவு. நம் கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வாசலில் இருந்து நடந்து போகிறவருக்கு உயரம் பயமுறுத்தாது, ஆனால் இங்கே ஏற்றம் முழுவதும் படி, ஏறத்தாழ 160. வடக்கு அடிவாரத்தில் நான்கு வளைவுள்ள வாசல், மேலே சிலுவை, 1547 என்ற ஆண்டு. படிகளைச் செய்வித்தவர் பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726இல் பாலம் கட்டிக் கொடுத்தவரும் இவரே. வழிநெடுகச் சிலுவைப்பாதையின் 14 நிலைகள் இருப்பதால், ஒவ்வொன்றிலும் நின்று செபித்து ஏறினால் மூச்சும் ஆறும். காலை ஆறரைக்குத் தொடங்கினால் நல்லது. ஒன்பது தாண்டினால் கல் சுடத் தொடங்கும். ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், ஒரு தொப்பி அல்லது குடை.

அம்மாவுக்கு மூட்டு வலி என்றால் வாகனம் உச்சிவரை போக ரோடு இருக்கிறது. அவருக்குப் படியில் நடக்க ஆசை என்றால் ஏறட்டும், ஆனால் இறக்கம் வாகனத்தில்தான். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஓட்டோவில் ஏறி, "இறங்குவது இலகுதானே" என்று படியால் வருகிறார்கள். மூட்டுக்குப் பாரம் கூடுவது இறங்கும்போதுதான். கூட்டிவந்த ஓட்டோவைத் திருப்பி அனுப்பாமல் காத்திருப்புக் காசு பேசி நிறுத்தி வையுங்கள். உச்சியில் வண்டி எப்போதும் கிடைக்காது.

கோயில் 1523இல் போர்த்துக்கேயர் கட்டியது, சின்னது. உள்ளே நுழைந்ததும் சனம் மாதா படத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது. புனித லூக்கா வரைந்தார், தோமையார் கொண்டுவந்தார் என்று மரபு சொல்லும் படம் அது. ஆனால் பீடத்தின் பின்னால் பதித்திருக்கும் கற்சிலுவையை ஆறுதலாகப் பாருங்கள். கறுத்த கருங்கல் பலகையில் புடைத்து நிற்கும் சிலுவை, நான்கு நுனியும் மொட்டுப்போல் விரிந்திருக்கும், அடியில் இலை, மேலே தலைகீழாக இறங்கும் புறா. சுற்றி வளைவாகப் பஹ்லவி எழுத்து, அதாவது இடைக்காலப் பாரசீகம். 1547இல் மலையில் நிலம் தோண்டும்போது கிடைத்தது. ஏழாம், எட்டாம் நூற்றாண்டு அளவு என்று ஆய்வாளர் பலர் கணிக்கிறார்கள். போர்த்துக்கேயர் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இந்தக் கரையில் சிலுவையை வணங்கியவர்கள் இருந்தார்கள் என்பதற்கு இந்தக் கல் ஒன்றே போதும். 1558 டிசம்பர் 18 பூசை நேரத்தில் இது இரத்தம்போல் வியர்த்ததாகவும், கடைசியாக 1704இல் வியர்த்ததாகவும் பதிவு உண்டு. தயவு செய்து இந்த இடத்தில் போனைத் தூக்கிப் பிடித்து நேரலை போடாதீர்கள். பின்னால் முழந்தாளில் இருப்பவர்களுக்கு மறைக்கும்.

வெளியே வந்தால் விமான ஓடுபாதை கீழே தெரியும். 1802இல் இந்தியாவை அளக்கத் தொடங்கிய லாம்டனின் முதல் அடிக்கோடு இந்த மலையடியில்தான் போடப்பட்டது, அவர் சிலையும் மேலே இருக்கிறது. பிள்ளைகள் கூட வந்தால் காட்டுங்கள். எல்லாம் சேர்த்து மூன்று மணித்தியாலம் பிடிக்கும்.

சின்னமலைக்கு அதே மெட்ரோவில் ஆலந்தூரில் மாறிப் போகலாம். குகை வாசல் தாழ்வு, அம்மாவுக்குக் குனிய ஏலாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். சாந்தோமில் கல்லறைச் சிற்றாலயம் நிலத்துக்குக் கீழே, அதன் வழி பேராலயத்துக்கு வெளியே தனியாக இருக்கிறது. பலர் மேலே மட்டும் பார்த்துவிட்டுக் கல்லறையைக் காணாமலே திரும்புகிறார்கள்.

காசு: இலங்கை ரூபாவை அங்கே மாற்றப் போனால் நட்டம், டொலராகக் கொண்டுபோங்கள். விமான நிலையத்தில் கொஞ்சம், மிச்சத்தை நகரத்தில் மாற்றுங்கள். அங்கே பெட்டிக்கடையும் போனில்தான் காசு வாங்குகிறது, நம் வங்கிச் செயலிகள் அதில் ஓடாது. ஆகவே 10, 20, 50 தாள்கள் கையில் வேண்டும். அம்மாவின் குளிசைகளைப் பொதியில் போடாமல் மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். கடவுச்சீட்டு, விசா இரண்டின் பிரதியையும் அம்மாவின் கைப்பையில் ஒன்று, உங்களிடம் ஒன்று. நீங்கள் தங்கும் இடத்தின் பெயரும் எண்ணும் எழுதிய துண்டும் அவரிடம் இருக்கட்டும்.