சோலைக்கிளிக்கும் ஈ.கோலைக்கும் ஒரே தராசா?

கேள்வி: நம் மலையில் இருக்கும் அசம்பு சோலைக்கிளியைத் தனிச் சிற்றினம் என்கிறார்கள். தாமிரபரணித் தண்ணீரைச் சோதித்தால் அகப்படும் ஈ.கோலை பாக்டீரியாவும் சிற்றினம்தானாம். இரண்டையும் பிரிக்கும் அளவுகோல் ஒன்றா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: சொல்தான் ஒன்று, அளவுகோல் வேறு.

அசம்பு சோலைக்கிளி (பெயரில்தான் கிளி, உண்மையில் பூச்சி தின்னும் பாட்டுக்குருவி) செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே மட்டும் உண்டு. கணவாய்க்கு வடக்கே இருப்பது அதன் பங்காளி, வெள்ளைவயிற்றுச் சோலைக்கிளி. இரண்டும் உயரத்துச் சோலைக்காட்டை விட்டு இறங்காதவை. அதனால் தாழ்ந்து கிடக்கும் கணவாய் அவற்றுக்குக் கடல் மாதிரி; இனக்கலப்பு நின்று மரபணு விலகிவிட்டது. டி.என்.ஏ., உடல் அளவு, இறகு நிறம், பாட்டு எல்லாவற்றையும் ஒப்பிட்டே 2017இல் தனியாகப் பெயர் வைத்தார்கள்.

ஈ.கோலை இரண்டாகப் பிளந்து பெருகுவது. ஆண், பெண் கிடையாது. எதோடு எது கூடும் என்ற கேள்வியே எழாது. ஆய்வகத்தில் அதன் குணத்தைப் பார்த்துத்தான் பிடிப்பார்கள். மெக்கான்கி அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் இழைத்து 37 டிகிரியில் 18 முதல் 24 மணி நேரம் வைத்தால் இளஞ்சிவப்புக் காலனிகள் (பாக்டீரியாத் திரள்கள்) வரும். கிளெப்சியெல்லா என்ற வேறு பாக்டீரியாவும் அதே நிறத்தில்தான் வரும். ஆகவே தனித்து நிற்கும் ஒரே காலனியை எடுத்து மறுபடி இழைத்து, பிறகு சோதிக்க வேண்டும். அது ஈ.கோலை என்றால், வளர்ந்த குழம்பில் கோவாக்ஸ் திரவம் (இண்டோல் என்ற பொருளைக் காட்டிக்கொடுப்பது) சில துளி விட்டால் மேலே சிவப்பு வளையம். சிட்ரேட்டை உண்ணத் தெரிந்த பாக்டீரியா வளர்ந்தால் நீலமாகும் சிட்ரேட் ஊடகமோ பச்சையாகவே இருக்கும். வளையமும் சிவந்து சிட்ரேட்டும் நீலமானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, காலனி கலந்துவிட்டதா என்பதை.

மரபணுத்தொகுதியைப் படித்தால் சுமார் 95 சதவீத ஒற்றுமைதான் ஒரே சிற்றினம் என்பதற்கான கோடு. அந்தக் கோடும் வழுக்கும். 2002இல் மூன்று ஈ.கோலை வகைகளை ஒப்பிட்டபோது மூன்றுக்கும் பொதுவாக இருந்த புரதங்கள், மொத்தத்தில் 39 சதவீதம்தான்! பக்கத்து பாக்டீரியாவிடமிருந்து மரபணுவைக் கைமாற்றாக வாங்கிக்கொள்வதே காரணம். சீதபேதி தரும் ஷிகெல்லா, மரபணுப்படி ஈ.கோலைக்குள்ளேயே அடங்கும், மருத்துவர்களின் வசதிக்காகத்தான் தனிப்பெயர் நிற்கிறது. எந்தப் பறவைக்கும் இந்தச் சலுகை கிடைக்காது.

கேள்வி: பாட்டுக்குருவி, ஈ.கோலை இரண்டில் எதற்கு மரபணு அதிகம்?
– வாசகி, தென்காசி

பதில்: பாட்டுக்குருவிக்குத்தான். 2010இல் மரபணுத்தொகுதி படிக்கப்பட்ட வரிக்குதிரை ஃபிஞ்சு என்ற பாட்டுக்குருவிக்குச் சுமார் 120 கோடி டி.என்.ஏ. எழுத்து, 17 ஆயிரம் மரபணு. ஈ.கோலைக்கு 46 லட்சம் எழுத்து, 4,300 மரபணு. எழுத்தில் 250 மடங்குக்கு மேல் வித்தியாசம், மரபணுவில் நான்கே மடங்கு. பாக்டீரியா இடத்தை வீணாக்குவதில்லை.